வயிற்றுத் தழும்பில் குடலிறக்கம் வராமல் தடுக்க எது உதவும்: கீறல், தையல், வலை, பெல்ட், ஓய்வு ஓர் ஒப்பீடு

வயிற்றில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தாதியான என்னிடம் முதலில் கேட்பது, "மிஸி, எந்த பெல்ட் வாங்கலாம்?" என்பதுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்த இடம் உப்பிக்கொண்டது, மாமாவுக்குக் குடல் ஆப்பரேஷன் முடிந்து மறு வருடமே தழும்பு ஓரம் புடைத்துக்கொண்டது என்று கேட்டுக் கேட்டு வந்த பயம். நியாயமான பயம்தான். நடுவயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் அறுவைகளில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்குத் தழும்பு வழியே குடலிறக்கம் வருகிறது. உடல் பருத்தவர்களிடம் இந்த எண்ணிக்கை 30ஐயும் தொடும்.

ஆனால் தடுப்பு வழிகளில் பெல்ட்டுக்குக் கடைசி இடம்தான். அறுவைக்கு முந்தைய சில வாரங்களில் நாம் செய்வதும், அறுவை முடியும் நேரத்தில் மருத்துவர் வயிற்றை மூடும் விதமும்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டுக்கும் நம் மக்கள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வீடு திரும்பிய பிறகு கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் பாதி வாய்ப்பு போய்விடுகிறது.

அடியில் நடப்பது இதுதான். தோல் தையலைப் பத்துப் பன்னிரண்டு நாளில் பிரித்துவிடுவார்கள். அதோடு காயம் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். வயிற்றைத் தாங்குவது தோல் அல்ல. அதற்கும் கீழே தசைகளைப் போர்த்தியிருக்கும் கெட்டியான வெண்சவ்வு. ஆறு வாரம் ஆனாலும் அந்தச் சவ்வு பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருக்கும். மாதக்கணக்கில் தேறினாலும் முழுப் பலம் திரும்புவதில்லை. இந்த இடைக்காலத்தில் சவ்வின் ஓரங்கள் ஓரிடத்தில் விலகினால் போதும், கொழுப்போ குடலோ அந்தச் சந்து வழியே தள்ளத் தொடங்கும். வீக்கம் வெளியே தெரிய மாதங்கள் ஆகலாம். பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். குடலிறக்கத்தை அது உண்மையிலேயே குறைக்கிறதா, அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்பது முதலாவது. முடிவு யார் கையில், நம் கையிலா மருத்துவர் கையிலா என்பது இரண்டாவது. மூன்றாவது செலவு. பில்லில் வருவதை மட்டும் நான் செலவு என்று சொல்லவில்லை. ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் நோயாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். நான்காவது, அந்த வழி தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பது.

## தேதிக்கு முன் உடம்பைத் தயார் செய்வது

பணம் மிகக் குறைவாகச் செலவாகி, பலன் அதிகம் தரும் வழி இதுதான். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

காயத்தில் சீழ் பிடிப்பதுதான் தழும்புக் குடலிறக்கத்துக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று. சீழ் பிடித்த இடத்தில் சவ்வு சேராது. சீழை வரவழைப்பவற்றில் முதலிடம் சர்க்கரைக்கும் சிகரெட்டுக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் நம்மில் ஒருவர் அறுவைக்குப் போகும்போது, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவு என்ன என்பது ஆப்பரேஷன் தேதியைப் போலவே முக்கியமான எண். பல அறுவை மருத்துவர்கள் அதை 8 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். "சுகர் கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை" என்று வீட்டில் பேசிக்கொள்ளும் அளவு, மருத்துவர் பார்வையில் பரவாயில்லாத அளவாக இருக்காது.

சிகரெட்டை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். முந்தின நாள் விட்டால் காயத்துக்குப் பெரிய பலன் இல்லை. புகைப்பவர்களுக்குச் சவ்வுக்குப் போகும் ரத்தமும் உயிர்வாயுவும் குறைகின்றன. இருமல் வேறு சேர்ந்து புதுத் தையலை உள்ளிருந்தே இழுக்கிறது. தனியாக விட முடியாதவர்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் எம்குயிட் சேவை இருக்கிறது. ரொக்கோக் டாவுன் சுருட்டும் சிகரெட் கணக்கில்தான் சேரும்.

நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருப்பது இவை மூன்றையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐம்பது அறுபது வயது ஆண்கள் கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். ஒவ்வொரு முறை முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அறுவைக்குப் பிறகு அது நேராகத் தையலில் போய் விழும்.

எடை குறைப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அறுவைக்கு இரண்டு வாரம் முன் பட்டினி கிடந்து இளைப்பது தவறு. உடம்பில் புரதம் குறைந்தால் காயம் ஆறாது. முட்டை, கெம்போங் மீன், பருப்பு, தெம்பே என்று புரதத்தைக் கூட்டி, சோறும் இனிப்பும் குறைத்தால் போதும். அறுவைக்குப் பிறகு "முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது" என்று பத்தியம் வைக்கிற பாட்டிமார்களிடம் இதே காரணத்தை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஹாருவான் (விரால்) மீன் சூப்பை எல்லா இனத்தவரும் காயத்துக்கு நல்லது என்று கொடுக்கிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம், அதில் நல்ல புரதம் இருக்கிறது.

இந்த வழியின் மறைமுகச் செலவு காத்திருப்பு. பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி போன்றவற்றில் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போட்டு உடம்பைத் தேற்றுவது பெரும்பாலும் நல்ல பேரம். குடல் புற்றுநோயில் அந்த நேரம் கிடையாது. அங்கே கிடைத்த இரண்டு மூன்று வாரத்தில் முடிந்ததைச் செய்ய வேண்டும். குடலிறக்கத்துக்குப் பயந்து புற்றுநோய் அறுவையை இழுத்தடிக்கக் கூடாது.

## சிறு துளையா, பெரிய கீறலா, எந்தப் பக்கக் கீறல்

சிறு துளை வழியாகச் செய்தால் தழும்புக் குடலிறக்கம் குறைவு. பித்தப்பைக்கும் குடல்வால் அழற்சிக்கும் இது பழகிப்போன முறை. ஆனாலும் 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான துளைகளில், முக்கியமாகத் தொப்புள் பக்கத்துத் துளையில், குடலிறக்கம் வருவதுண்டு. அந்தத் துளையின் சவ்வையும் தைத்து மூடுவது நல்லது. குடல் துண்டைத் துளை முறையில் அறுத்தாலும் வெளியே எடுக்க ஒரு கீறல் வேண்டும். அதை நடுவயிற்றில் போடாமல் அடிவயிற்றில் குறுக்காகப் போட்டால் குடலிறக்கம் மிகக் குறைவு. சிசேரியனில் போடும் அதே குறுக்குக் கீறல்தான் அது. அதில் குடலிறக்கம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு மேல் வருவதில்லை.

திறந்து செய்வதாக இருந்தாலும், நோய் இடம் கொடுத்தால் குறுக்குக் கீறல் நேர்க் கீறலைவிடப் பாதுகாப்பானது. ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இயன்றவரை நடுக்கோட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் இது நோயாளி அடம் பிடித்து வாங்கும் விஷயம் இல்லை. குடல் கிழிந்து வயிறு முழுக்கச் சீழ் பரவிய நேரத்தில் மருத்துவருக்கு வயிறு முழுவதையும் பார்க்க இடம் வேண்டும். நடுக்கீறல்தான் அந்த இடத்தைத் தரும். "எனக்குக் குறுக்காகவோ துளை வழியாகவோ செய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்?" என்று கேட்பது நம் பங்கு. அதற்கு மேல் மருத்துவரின் முடிவு.

இதில் ஒரு நடைமுறைச் செலவும் உண்டு. சிறப்பு மருத்துவரும் கருவியும் இருக்கும் பெரிய மருத்துவமனையில் திட்டமிட்ட அறுவைக்கு வரிசை நீளம். தனியார் மருத்துவமனையில் வரிசை இல்லை, பில் பல்லாயிரம். அரசாங்க மருத்துவமனை மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட்தான். குடலிறக்கம் வருமோ என்ற பயத்துக்காக மட்டும் கடன் வாங்கித் தனியாருக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## மூடும் தையல்

நோயாளிகள் யாரும் கேட்காத கேள்வி இதுதான். நடுக்கீறல் என்று முடிவாகிவிட்டால் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

பழைய வழக்கம், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஊசியைக் குத்தி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைப்பது. கோணிப்பையின் வாயைத் தைப்பது மாதிரி, பெரிய பெரிய கண்ணாக. அப்படித் தைக்கும்போது தசையும் கொழுப்பும் சேர்ந்து நூலுக்குள் நசுங்குகின்றன. சில நாளில் நசுங்கிய பாகம் இளகி, நூல் தளர்ந்து, சவ்வு விலகுகிறது. புது முறையில் சவ்வை மட்டும், ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டரில் குத்தி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையலாக, மெல்லிய, மெதுவாகக் கரையும் நூலால் தொடர்ச்சியாகத் தைக்கிறார்கள். தைக்கச் செலவான நூலின் நீளம் கீறலின் நீளத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. 20 சென்டிமீட்டர் கீறலுக்கு 80 சென்டிமீட்டர் நூலாவது சவ்வில் போயிருக்க வேண்டும். தியேட்டரில் மீந்த நூலை அளந்து பார்த்தாலே இந்தக் கணக்கு தெரிந்துவிடும்.

நெதர்லாந்தில் 560 நோயாளிகளிடம் இந்த இரண்டு முறையையும் ஒப்பிட்டு, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பெரிய தையல் போட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்குக் குடலிறக்கம். சிறு தையல் போட்டவர்களில் 13 விழுக்காடு. கூடுதலாகப் பிடித்தது அறுவை அறையில் சில நிமிடங்கள்தான். வலியும் கூடவில்லை. எல்லாக் கீறலையும் பற்றி இந்த ஆய்வு பேசவில்லை. நடுக்கீறலையும் திட்டமிட்ட அறுவையையும் பற்றியது. அவசர அறுவையில் ஆதாரம் இவ்வளவு பலமாக இல்லை.

நோயாளிக்குச் செலவு எதுவுமில்லை, ஆபத்து கூடுவதில்லை, பலன் உண்டு. ஆகவே "டாக்டர், வயிற்றை மூடும்போது சிறு தையல் முறையில் தைப்பீர்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். இதைக் கேட்டால் மருத்துவருக்குக் கோபம் வருமோ என்று தயங்குகிறவர்கள், கையெழுத்து வாங்க வரும் இளம் மருத்துவரிடமாவது கேட்கலாம். அதுவும் அறுவைக் குழுவின் காதுக்குப் போகும்.

## முன்கூட்டியே வலை வைப்பது

குடலிறக்கம் வருவதற்கு முன்பே, மூடும்போது சவ்வோடு ஒரு செயற்கை வலையையும் பொருத்திவிடுவது இந்த முறை. எண்களில் இதுவே பலமானது. ஐரோப்பாவில் 480 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வில், உடல் பருத்தவர்களையும் வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்களையும் மட்டும் எடுத்தார்கள். இரண்டு ஆண்டில் தையல் மட்டும் போட்டவர்களில் 30 விழுக்காட்டினருக்குக் குடலிறக்கம் வந்தது. சவ்வுக்கு மேல் வலை வைத்தவர்களில் 13 விழுக்காடு, தசைக்குப் பின்னால் வைத்தவர்களில் 18 விழுக்காடு.

இருந்தும் எல்லாருக்கும் வைக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். வலை உடம்புக்கு வெளிப்பொருள். சவ்வுக்கு மேல் வைத்தால் நீர் கோத்துக்கொள்வது கூடுகிறது. அதை ஊசி போட்டு எடுக்கக் கூடுதல் முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிவரலாம். சீழ் பிடித்துவிட்டால் சில நேரம் வலையையே எடுக்க வேண்டிவரும், அது முதல் அறுவையைவிடச் சிக்கலானது. பின்னொரு நாள் வேறு காரணத்துக்கு வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அந்த மருத்துவருக்கு வேலை கடினமாகும். குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். குடல் கிழிந்து மலம் சிந்திய வயிற்றில் தடுப்பு வலை பெரும்பாலும் பேச்சுக்கே வராது.

செலவும் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் வார்டுக் கட்டணம் சொற்பம் என்றாலும், உடம்புக்குள் வைக்கும் பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்கக்கூடும். முன்கூட்டியே கேட்டு, முடியாதென்றால் மருத்துவச் சமூகநலப் பிரிவை அணுகுங்கள். மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிப்பார்கள். கடைசி நாள் வரை வைத்திருந்தால் விண்ணப்பப் பாரம் நிரப்பவே நேரம் இருக்காது.

## பெல்ட்டும் துணிக்கட்டும்

பிள்ளை பெற்ற பெண்களுக்கு நம் வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவோம், மலாய்க்கார அக்காமார் பெங்குங் கட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அறுவைக்குப் பிறகும் பெல்ட் என்ற எண்ணம் வருகிறது. தழும்புக் குடலிறக்கத்தை பெல்ட் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுந்து நடக்கும்போது வலியைக் குறைத்துத் தைரியம் கொடுக்கும் என்றால் முதல் சில வாரம் போடுங்கள். இறுக்கிக் கட்டிக்கொண்டு செம்பனைக் குலையைத் தூக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெரிய மறைமுகச் செலவே அந்த தைரியம்தான். அதிகம் இறுக்கினால் மூச்சு மேலோட்டமாகி நெஞ்சில் சளி தங்கும், சளி தங்கினால் இருமல் வரும்.

விலை உயர்ந்த பெல்ட்டுக்குப் பதில், இரும வேண்டிவரும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். வார்டில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழுவதையும் அதோடு கற்றுக்கொள்ளுங்கள். மல்லாந்தபடியே நேராக எழ முயன்றால் நடுக்கோடு முழுவதும் இழுபடும்.

## ஓய்வும் சுமையும்

எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதற்குத் திடமான ஆய்வு ஆதாரம் இல்லை. லேசான பொருளைத் தூக்குவதைவிட ஒரு பலத்த இருமல் வயிற்றுக்குள் அதிக அழுத்தம் கொடுக்கிறது. அதனால் படுத்தே கிடப்பது தடுப்பு ஆகாது. முதல் நாளிலிருந்தே நடப்பது நல்லது. சமையல், துணி மடிப்பு, கோயிலுக்கு நடந்து போய்வருவது எல்லாம் சீக்கிரமே செய்யலாம்.

ஆனால் இந்த ஆய்வுகளை எழுதியவர்கள் செம்பனைத் தோட்ட வேலையை மனத்தில் வைத்து எழுதவில்லை. நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளோடு அண்ணாந்து நின்று குலையை இழுத்து அறுப்பது, விழுந்த குலையைக் குத்தித் தள்ளுவண்டியில் ஏற்றுவது, மழை பெய்த மண்ணில் அதை ரோட்டுக்குத் தள்ளிவருவது. குலை ஒவ்வொன்றும் 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை இருக்கும். பால்மரம் வெட்டுவது இலகுவாகத் தோன்றினாலும் வாளிப் பால் தூக்குவது இதே கணக்குதான். ஆறு வாரத்தில் சவ்வு பாதி பலத்தில் இருக்கும்போது இந்த வேலைக்குத் திரும்புவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. பெரிய நடுக்கீறல் போட்டவர்கள் இரண்டு மூன்று மாதமாவது குலை வெட்டப் போகாமல் இருக்க வழி பார்க்க வேண்டும் என்பது என் கருத்து; உங்கள் மருத்துவர் உங்கள் காயத்தைப் பார்த்துச் சொல்வதே முடிவானது.

வழி உண்டா என்றால், உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டிய நோய்க்கு 60 நாள் வரை தனியாக உண்டு; 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 நாளைச் சாதாரண மருத்துவ விடுப்பிலிருந்து கழிப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே விடுப்புச் சான்றிதழையும், வேலைக்குத் திரும்பும்போது லைட் டியூட்டி கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். "நான் ஹார்வெஸ்டர், குலை தூக்குகிறவன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் அதற்கேற்ற கடிதம் எழுதுவார். ஆபீஸ் வேலை என்று நினைத்து எழுதிய கடிதம் தோட்டத்தில் உதவாது. குத்தகைக்காரரிடம் டன் கணக்குக்கு வேலை செய்கிறவர்கள் அறுவைக்கு முன்பே இதைப் பேசிவைப்பது அவசியம். நடைமுறையில் அவர்களுக்குத்தான் இந்த உரிமை கைநழுவிப் போகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் | முடிவு யார் கையில் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| முன்தயாரிப்பு | அதிகம், சீழையும் தடுக்கும் | நம் கையில் | காத்திருப்பு, கிளினிக்குக்கு அலைச்சல் |
| துளை முறை, குறுக்குக் கீறல் | அதிகம், நோய் இடம் கொடுத்தால் | மருத்துவர் | நீண்ட வரிசை அல்லது தனியார் பில் |
| சிறு தையல் | திட்டமிட்ட நடுக்கீறலில் நல்ல பலன் | மருத்துவர், நாம் கேட்கலாம் | இல்லை |
| தடுப்பு வலை | ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மிக அதிகம் | இருவரும் சேர்ந்து | வலையின் விலை, நீர் கோத்தல், சீழ் |
| பெல்ட் | வலிக்கு உதவும், தடுப்புக்கு ஆதாரமில்லை | நம் கையில் | பொய்யான தைரியம் |
| கனவேலையைத் தவிர்த்தல் | ஆதாரம் குறைவு, கனவேலைக்காரருக்கு விவேகம் | நம் கையிலும் முதலாளி கையிலும் | சம்பளம் |

## யாருக்கு எது

நாற்பது வயதில், பருமன் இல்லாமல், பித்தப்பைக் கல்லுக்குத் துளை முறையில் போகிறவர் வலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, தொப்புள் துளையைத் தைப்பார்களா என்று கேட்டால் போதும்.

கர்ப்பப்பைக் கட்டிக்குப் போகும் அக்காமார் குறுக்குக் கீறல் முடியுமா என்று கேளுங்கள். கட்டி மிகப் பெரிதாக இருந்தால் நடுக்கீறல்தான் என்பார்கள். அப்போது சிறு தையலைக் கேளுங்கள்.

குடல் புற்றுநோய்க்கு நடுக்கீறல் என்று முடிவாகி, உடம்பும் பருமனாக, சர்க்கரையும் உள்ள குலை வெட்டுகிறவருக்குத்தான் எல்லாமே தேவைப்படுகிறது. கிடைத்த வாரங்களில் சர்க்கரையும் சிகரெட்டும், சிறு தையல், வலை பற்றி மருத்துவரோடு ஒரு பேச்சு, விடுப்புக் கடிதம். பி40 குடும்பம் (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் வருவது) என்றால், அவர்களுக்கான அரசாங்கச் சுகாதார உதவியான பெகா பி40 திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கான உதவித்தொகையையும் போக்குவரத்து உதவியையும் விசாரியுங்கள். விடுப்பில் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் அது அரிசிக்காவது ஆகும்.

திடீரென்று குடல் ஓட்டையாகி நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போகிறவருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை, உயிர்தான் முதலில். அவருக்கு மிஞ்சுவது பின்னால் வருபவை: காயத்தைச் சுத்தமாக வைப்பது, இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து, புரதச் சாப்பாடு, கனவேலையைத் தள்ளிப்போடுவது.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வரும். தழும்பு ஓரம் நிற்கும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் தெரிந்தால் கிளினிக்கில் காட்டி அறுவைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அவசரமில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாதீர்கள். அந்த வீக்கம் கெட்டியாகி, படுத்தும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் குடல் உள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டாம், எண்ணெய் தேய்க்க வேண்டாம், திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் 999க்கு அழையுங்கள், அல்லது தோட்டத்தில் யாரிடம் கார் இருக்கிறதோ அவரை எழுப்பி அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.